கேளுங்க சொல்றேன்: சுகர் பீட் இன்னும் கட்டுப்படியாகுதா?

போன இதழ்ல இங்கிலாந்து கிழக்குப் பக்கம் ரோட்டோரமா அம்பாரம் அம்பாரமா குவிஞ்சு கெடக்குற சுகர் பீட்டைப் பத்தி போற போக்குல நாலு வரி எழுதிட்டேன், இதை இன்னும் எத்தனை வருஷம் போடுவாங்களோன்னு. வந்த கடிதம் கொஞ்சநஞ்சம் இல்ல. பாதிப் பேர் பண்ணைல வேலை பாக்குறவங்க, மீதிப் பேர் சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டவங்க. நான் அந்தப் பக்கம் பண்ணைகள்ல பதினொரு வருஷம் குப்பை கொட்டினவன், அதனால இந்தத் தடவை முழுக்க பீட் தான். பொரியல் பண்ற சிவப்பு பீட்ரூட் இல்லீங்க, இது சர்க்கரை எடுக்குற கிழங்கு, வெளுத்த கலர்ல கூம்பு மாதிரி இருக்கும், ஒண்ணொண்ணும் ஒரு கிலோ தேறும், கடிச்சா முதல்ல இனிக்கும் அப்புறம் மண்வாடை அடிக்கும்.

கேள்வி: அண்ணா வணக்கம். நான் நார்ஃபோக்ல ஒரு பண்ணைக்குக் கணக்கு எழுதுறேன். மொத்தம் 180 ஹெக்டேர், அதுல 35 ஹெக்டேர் சுகர் பீட், மீதி கோதுமை, பார்லி, கொஞ்சம் பீன்ஸ். முதலாளி "இந்த வருஷத்தோட பீட்டை விட்டுடலாமா"ன்னு தெனம் ஒரு தடவை என்கிட்ட கேக்குறாரு. என் ஷீட்ல பாத்தா ஹெக்டேருக்கு அதிகமா நிக்கறது பீட் தான். அவரு நம்ப மாட்டேங்குறாரு. யாரு சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேரும் சரி தான் தங்கச்சி, ஆனா நீங்க பாக்குற கணக்கு வேற அவரு மனசுல ஓடுற கணக்கு வேற. உங்க ஷீட்ல என்ன இருக்கும்னு நான் பாக்காமலே சொல்லிடுவேன்: வித்த காசு, அதுல விதை, உரம், மருந்து கழிச்சு மீதி. இது வரைக்கும் பீட் நல்லாத்தான் தெரியும். கிழங்கு எடுக்குற மெஷினுக்கு கான்ட்ராக்டர் வாங்குறது, லாரி வாடகை, நவம்பர்ல சேத்துல ஓடின டிரெய்லர் கெடுத்துட்டுப் போன மண்ணு, லேட்டா விதைச்சதால அடுத்த கோதுமைல குறைஞ்ச மூட்டை, இதெல்லாம் பொதுச் செலவுன்னு வேற பக்கத்துல எழுதி வச்சிருப்பீங்க இல்ல கோதுமை கணக்குல நஷ்டமா ஒக்காந்திருக்கும். அது கோதுமையோட நஷ்டம் இல்ல, பீட்டோட செலவு. இதை முதல்ல இடம் மாத்திப் போடுங்க, அப்புறம் பேசலாம்.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்றேன். டன்னுக்கு 30 பவுண்டுன்னு வச்சுக்கோங்க, ஹெக்டேருக்கு 75 டன் வந்தா 2,250 பவுண்டு. நான் மேல சொன்னது எல்லாத்தையும் சேத்து செலவு 1,750னு வைங்க. 500 நிக்குது, சந்தோஷம். அதே நெலத்துல ஒரு கெட்ட வருஷம், 55 டன் தான் வந்துச்சுன்னா? 1,650. நூறு பவுண்டு கையை விட்டுப் போகும். ஏன்னா இந்தப் பயிர்ல செலவு பெருசா குறையாது, 55 டன் எடுத்தாலும் 75 டன் எடுத்தாலும் மெஷின் அதே நெலத்தைத் தான் ஓட்டியாகணும், விதை அதே விதை தான், மருந்து இன்னும் ரெண்டு தடவை அதிகமாக் கூட அடிச்சிருப்பீங்க. இந்த நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க பண்ணை நம்பரைப் போட்டு எத்தனை டன்னுல கையைக் கடிக்காம இருக்கும்னு பாருங்க, அப்புறம் கடைசி பத்து வருஷத்துல எத்தனை வருஷம் அந்த டன்னுக்குக் கீழ போயிருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணு ரெண்டுன்னா தொடரலாம். நாலு வருஷம்னா உங்க முதலாளிக்கு ராத்திரி தூக்கம் வராததுல ஆச்சரியம் இல்ல.

டன்னுன்னு நான் சொல்றது லாரில ஏறுற டன் இல்லங்கறது உங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஃபேக்டரில சாம்பிள் எடுத்து மண்ணு எவ்ளோ ஒட்டிட்டு வந்திருக்கு, தழைக்கட்டு எவ்ளோன்னு கழிவு பிடிச்சிட்டு, சர்க்கரை 16 சதவீதம்ங்கற அளவுக்கு மாத்திக் கணக்கு போடுவாங்க. 18 சதவீதம் இருந்தா டன் கூடும், 15 இருந்தா குறையும். அதனால தழைச்சத்து உரத்தைத் தாராளமா கொட்டி இலையைப் பெருசாக்கிட்டு கிழங்கு பெருத்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டா சர்க்கரை இறங்கிப் போய் ஒண்ணும் மிஞ்சாது. இப்படி ஏமாந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, விலை. 2021ல டன்னுக்கு 20 பவுண்டு கிட்ட தான் இருந்துச்சு, அப்ப நெறைய பேர் இதுக்கு மேல முடியாதுன்னு விட்டுட்டாங்க. 2022ல உக்ரைன் போர் வந்து கோதுமை டன்னு 300 பவுண்டைத் தாண்டவும், இப்படியே போனா பீட் போட ஆளே இருக்காதுன்னு ஆயிடுச்சு. 2023 பயிருக்கு 40, 2024க்கு 38ன்னு குடுத்தாங்க, அதுக்கப்புறம் இறங்குமுகம். அந்த 40 பவுண்டு வருஷத்தைப் பாத்துட்டு புதுசா விதைக்கிற மெஷின், அதான் டிரில், வாங்கினவங்க இருக்காங்க. தயவு செஞ்சு அந்த வருஷத்தை வச்சு பட்ஜெட் போடாதீங்க, 20 பவுண்டு வருஷத்தை வச்சும் பயப்படாதீங்க.

கடைசியா, விட்டுட்டு என்ன போடப் போறாருன்னு அவர்கிட்ட திருப்பிக் கேளுங்க. கேள்வியே அது தான், ஆனா யாரும் கேக்கறதில்ல. கோதுமைக்கு மேல கோதுமைன்னா வேர் அழுகல் வரும், பிளாக்கிராஸ் களை தலைக்கு மேல போயிடும். கடுகு வகைல ரேப் போடலாம்னா இலைவண்டு முளைக்கும்போதே தின்னு தீர்த்துடுது. நெலத்தைச் சும்மா பூவும் புல்லுமா விட்டா அரசாங்கம் பணம் குடுக்கும்னு கொஞ்ச நாள் ஒரு கணக்கு ஓடுச்சு, அந்த எஸ்.எஃப்.ஐ. திட்டத்துல 2025 மார்ச் 11ம் தேதி திடீர்னு புது விண்ணப்பம் வாங்கறதை நிறுத்திட்டாங்க, அதை நம்பி பீட்டை விட்டவங்க திருதிருன்னு முழிச்சாங்க. உங்க பண்ணை மண்ணு லேசான மண்ணா இருந்து, ஃபேக்டரி 30 மைலுக்குள்ள இருந்தா, 35 ஹெக்டேரை 25ஆ குறைச்சு நல்ல வயல்ல மட்டும் போடச் சொல்லுவேன். மொத்தமா விட மாட்டேன்.

கேள்வி: எங்க பண்ணை லிங்கன்ஷயர்ல, கனமான களிமண்ணு. பீட் நல்லா தான் வருது, ஆனா அடுத்து போடுற கோதுமை ஒவ்வொரு தடவையும் சொதப்புது. ஏன் அண்ணா?

பதில்: தம்பி, ஏன்னு உங்களுக்கே தெரியும், என் வாயால வரணும்னு கேக்குறீங்க போல.

இந்தப் பயிர்ல இருக்குற சிக்கலே இது தான். கிழங்கு செப்டம்பர்ல இருந்தே எடுக்கலாம், ஆனா நவம்பர் வரைக்கும் தரைக்குள்ள பெருத்துட்டே தான் இருக்கும், விட விட டன் கூடும், அதோட ஃபேக்டரி பிப்ரவரி வரைக்கும் ஓடணும்னா எல்லாரும் ஒரே மாசத்துல கொண்டு வந்து கொட்டவும் முடியாது, உங்களுக்குன்னு ஒரு தேதி வரும். அந்தத் தேதில மழை பெய்யுதா இல்லையான்னு ஃபேக்டரிக்குக் கவலை கிடையாது. ஆறு வரிசை எடுக்குற மெஷின் தொட்டி நெறஞ்சா அம்பது டன்னுக்கு மேல எடை, டிசம்பர் களிமண்ணுல அது போனா என்ன ஆகும்.

நான் ஒரு பண்ணைல இருந்தப்ப 2019 இலையுதிர் காலம், மழை விடவே இல்ல. எடுத்தே ஆகணும்னு எடுத்தோம். தடத்துல முழங்கால் ஆழம் தண்ணி நின்னுச்சு. ஜனவரில அதுக்கு மேல அப்படி இப்படி உழுது கோதுமை தெளிச்சோம், முளைச்சது பாதி தான். அடுத்த மே மாசம் வரப்பு மேல நின்னு பாத்தா மெஷின் எங்கெங்க திரும்புச்சோ அங்கெல்லாம் மஞ்சளா கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுது, மெஷின் ஓட்டினவரு பக்கத்துல நின்னு தலையை ஆட்டிட்டே "அது நான் தான்"ன்னாரு. மம்முட்டி எடுத்து ஒரு எடத்துல குத்திப் பாத்தேன், ஒரு சாண் ஆழத்துல தட்டு மாதிரி இறுகி, வேரெல்லாம் அதுக்கு மேல படுக்கையா ஓடியிருந்துச்சு, கீழ ஒண்ணு கூட எறங்கல. அந்த வருஷம் பீட்ல நின்ன காசு மொத்தமும் அந்தத் தட்டுல தான் போச்சு.

உங்க மண்ணுக்கு நான் சொல்றது: முதல் ஃபேக்டரி தேதிகள்ல எடுத்துடுங்க, பத்து டன் குறைஞ்சாலும் பரவால்ல, அக்டோபர் நடுவுல கோதுமை விதைச்சிடலாம். அது முடியாதுன்னா அந்த வயல்ல கோதுமையை மறந்துட்டு மார்ச்ல வசந்தகால பார்லி போடுங்க. ரெண்டும் முடியாதுன்னா களிமண்ணுல பீட் வேண்டாம், இதுக்கு மேல இதுல பேச ஒண்ணும் இல்ல.

கேள்வி: பீட் போட்டா ஒரே கம்பெனிக்குத் தான் விக்கணுமாமே? இது என்ன நியாயம்? வேற யாருக்காவது வித்தா என்ன?

பதில்: விக்கலாம், மாட்டுத் தீவனத்துக்கும் பயோகேஸ் பிளான்ட்டுக்கும் கொஞ்சம் போகுது. ஆனா சர்க்கரைக்குன்னா பிரிட்டன்ல வாங்குறது பிரிட்டிஷ் சுகர் மட்டும் தான். 1936ல அரசாங்கம் எல்லா ஃபேக்டரியையும் ஒண்ணாக்கின கதை அது, அப்ப 18 ஃபேக்டரி இருந்துச்சு, இன்னிக்கு நாலு: விஸ்ஸிங்டன், கேன்ட்லி, பரி செயின்ட் எட்மண்ட்ஸ், நியூவார்க். கேன்ட்லி 1912ல ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது. விவசாயிங்க சார்பா அவங்க சங்கத்தோட சர்க்கரைப் பிரிவு, என்.எஃப்.யூ. சுகர்னு பேரு, ஒக்காந்து விலை பேசும். 2024 பயிருக்கு விலை பேசறப்ப 2023 கடைசில ரெண்டு தரப்பும் முட்டிக்கிட்டு, உடன்பாடு வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி நேரா விவசாயிங்க கிட்டயே ஆஃபரை நீட்டி, பெரிய ரகளையாகி அப்புறம் தான் 38 பவுண்டுக்கு முடிஞ்சுது.

வாங்குறவன் ஒருத்தன் தான்ங்கறது நியாயமான்னு கேட்டா எனக்கும் எரிச்சல் தான், ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு பாக்கணும். கிழங்குல முக்கால்வாசி தண்ணி. ஒரு பெரிய லாரில 29 டன் ஏத்தினா அதுல 22 டன் கிட்ட தண்ணியைத் தான் சுமந்துட்டு போறோம். கோதுமையை ரெண்டு வருஷம் கொட்டகைல வச்சு விலை ஏறினப்ப விக்கலாம், கப்பல்ல ஏத்தி அனுப்பலாம், இதை நாலு வாரத்துக்கு மேல குவிச்சு வச்சா சர்க்கரை நாளுக்கு நாள் குறைஞ்சுட்டே போகும். அதனால ஃபேக்டரி பக்கத்துல இருந்தா பயிர் உண்டு, ஃபேக்டரி மூடினா பயிர் இல்ல. 2007ல யார்க்கும் ஆல்ஸ்காட்டும் மூடினாங்க, அந்தச் சுத்துவட்டாரத்துல பீட் பெரும்பாலும் அதோட முடிஞ்சுது. அயர்லாந்துல இன்னும் மோசம், 1926ல கார்லோல ஆரம்பிச்ச தொழில், ஐரோப்பிய யூனியன் 2006ல சர்க்கரை விலையை நாலு வருஷத்துல 36 சதவீதம் வெட்டறேன்னதும், கார்லோ 2005லயே மூடியிருந்துச்சு, மாலோ ஃபேக்டரி 2006ல மூடுச்சு, நாட்டுலயே பீட் சர்க்கரை இல்லாம போயிடுச்சு. 2017 செப்டம்பர் 30ல ஐரோப்பால எவ்ளோ சர்க்கரை பண்ணலாம்ங்கற கோட்டாவும் போச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல நெலத்தைக் கூட்டிப் போட்டு விலை படுத்துது, ஜெர்மனில பெரிய கம்பெனியே ஃபேக்டரி மூடுச்சு.

அமெரிக்கால வேற மாதிரி ஒண்ணு பண்ணாங்க. ரெட் ரிவர் பள்ளத்தாக்கு விவசாயிங்க 1973ல அமெரிக்கன் கிரிஸ்டல்ங்கற சர்க்கரை கம்பெனியை அவங்களே வெலைக்கு வாங்கிட்டாங்க, இன்னிக்கும் விவசாயிங்க சொத்து தான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா விவசாயி முதலாளியா இருந்தாலும் கணக்கு கணக்கு தான், அவங்க வசம் இருந்த மொன்டானா மாநிலம் சிட்னி ஃபேக்டரியை 2023ல அவங்களே மூடிட்டாங்க, போதுமான நெலத்துல பயிர் போட ஆள் கெடைக்கலன்னு.

கேள்வி: வணக்கம் அண்ணே, சஃபோக்ல ஒரு பண்ணைல டிராக்டர் ஓட்றேன். மஞ்சள் வைரஸ் மஞ்சள் வைரஸ்ங்கறாங்க, அந்த தேனீக்கு ஆகாத மருந்தை அரசாங்கம் தடை பண்ணிடுச்சுங்கறாங்க. மருந்து இல்லாம பீட் போடவே முடியாதுன்னு எங்க மேனேஜர் பொலம்புறாரு. நெசமா?

பதில்: பாதி நெசம். கதையைச் சுருக்கமா சொல்றேன். பச்சை அசுவினி ஒண்ணு இருக்கு, பீச், உருளைக்கிழங்குலயும் இருக்குற அதே பூச்சி. அது மூணு வகை வைரஸைத் தூக்கிட்டு வந்து இளஞ்செடில விடும். செடி சின்னதா இருக்கும்போதே புடிச்சிடுச்சுன்னா மோசமான வகைல பாதி விளைச்சல் வரைக்கும் போகும். முன்னாடி விதைக்கு மேலயே நீங்க சொன்ன அந்த தேனீக்கு ஆகாத மருந்து, நியோனிக்னு பேரு, பூசி வரும், செடி முளைச்சு பல வாரத்துக்குப் பாதுகாப்பு, யாரும் அசுவினியைப் பத்தி யோசிக்கவே மாட்டாங்க. 2018ல ஐரோப்பா முழுக்க வெளி வயல்ல அதுக்குத் தடை. ரெண்டே வருஷத்துல, 2020ல, குளிர் இல்லாத ஒரு குளிர்காலம் வந்துச்சு, பிரிட்டன்ல விளைச்சல் கால்வாசி போச்சு, பிரான்ஸ்ல 30 சதவீதம் கிட்ட.

அப்புறம் அவசர அனுமதின்னு ஒரு வழி. 2021ல பிரிட்டன் குடுத்துச்சு, ஆனா அந்தக் குளிர்ல அசுவினி செத்துப் போனதால யூஸ் பண்ணவே இல்ல. 2022, 2023, 2024 மூணு வருஷமும் யூஸ் ஆச்சு. ஐரோப்பால 2023 ஜனவரில அங்க இருக்குற உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி அவசர அனுமதியே செல்லாதுன்னுடுச்சு. பிரிட்டன்ல 2025 ஜனவரில அரசாங்கம் முடியாதுன்னு கையை விரிச்சுது. ஆக இப்ப விதை மேல அந்த மருந்து கிடையாது.

மருந்தே இல்லையான்னா இருக்கு, தெளிக்கறது. ஆனா எப்ப தெளிக்கறதுங்கறது தான் வித்தை. செடிக்கு 12 இலை வர்ற வரைக்கும், நாலு செடிக்கு ஒரு பச்சை அசுவினி, றெக்கை இல்லாதது, அந்த அளவு வந்தா தெளி. 12ல இருந்து 16 இலைன்னா செடிக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் செடிக்கே ஒரு தாக்குப்பிடிக்கிற சக்தி வந்துடும். இதை உங்க மேனேஜர் ஆபிஸ்ல ஒக்காந்து தீர்மானிக்க முடியாது, யாராவது வயல்ல முழங்கால் போட்டு குருத்து இலையைத் திருப்பிப் பாக்கணும். மே மாசம் நான் அப்படிப் பாத்துட்டுப் போனா ஒரு ஏக்கர்ல ஒரு மணி நேரம் ஆகும், கழுத்து ரெண்டு நாளைக்குத் திரும்பாது. அந்தப் பூச்சி ஊசி முனை அளவு, இலைநரம்பு கலர்லயே இருக்கும், றெக்கை மொளைச்சது வேற, கறுப்பு அசுவினி வேற, கறுப்பைப் பாத்துட்டு பயந்து தெளிச்சவங்க எத்தனையோ பேர். பழைய பைரெத்ராய்டு மருந்தை மட்டும் தொடாதீங்க, பச்சை அசுவினிக்கு அது உறைக்கறதே இல்ல, அசுவினியைத் திங்கிற பொறிவண்டுதான் சாகும், பூச்சி இன்னும் கூடும்.

தேனீ விஷயத்துல என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, தடை சரி தான். பீட் முதல் வருஷம் பூக்காதே தேனீ எங்க வருதுன்னு வாதம் பண்ணாங்க, நானே ஒரு காலத்துல பண்ணேன். மருந்து மண்ணுல தங்கும், அடுத்து வர்ற பூக்குற பயிருக்கும் களைக்கும் ஏறும், அதனால தான் அவசர அனுமதி குடுத்த வருஷத்துலயே பீட் எடுத்த வயல்ல 32 மாசத்துக்கு பூக்குற பயிர் எதுவும் போடக்கூடாதுன்னு நிபந்தனை வச்சாங்க. ஆனா தடை போட்டவங்க அதே மருந்து தெளிச்சு வளத்த சர்க்கரையை வெளிநாட்ல இருந்து இறக்குறதுக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்கிறாங்களே, அங்க தான் விவசாயிக்கு வயிறு எரியுது. 2021ல வருஷத்துக்கு 2,60,000 டன் சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை வரியில்லாம பிரிட்டனுக்குள்ள வரலாம்னு விட்டாங்க.

மேனேஜருக்கு என்ன சொல்லலாம்னா, போன வருஷக் குவியல் இருந்த எடத்துல சிந்திக் கெடந்து மொளைச்ச கிழங்கை எல்லாம் மார்ச்சுக்குள்ள அழிங்க, அது தான் வைரஸோட சத்திரம். வைரஸ் தாங்குற ரகம் வந்திருக்கு, நோய் இல்லாத வருஷம் விளைச்சல் கொஞ்சம் குறையும், அதை இன்ஷூரன்ஸ் கட்டின மாதிரி நெனச்சுக்கோங்க.

கேள்வி: பீட் சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒண்ணா? டேஸ்ட் வேறன்னு என் பொண்ணு சண்டை போடுறா.

பதில்: சுத்திகரிச்ச வெள்ளைச் சர்க்கரைன்னா ஒண்ணு தான், சுக்ரோஸ். 1747ல பெர்லின்ல மார்க்ராஃப் கண்டுபிடிச்சதே அதைத் தான், பீட்ல இருக்கறது கரும்புல இருக்குற அதே சரக்குன்னு. அவரோட சீடர் அஷார்ட் 1801ல சைலீசியால முதல் ஃபேக்டரி கட்டினாரு. இங்கிலீஷ்காரன் கடலை மறிச்சு கரும்புச் சர்க்கரை வராம பண்ணவும் 1811ல நெப்போலியன் பீட் போடுங்கன்னு உத்தரவே போட்டாரு. பழுப்புச் சர்க்கரைல மட்டும் பொண்ணு சொல்றது சரி, கரும்பு மொலாசஸ் வாசம் பீட்ல வராது. சண்டை டிரா.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் 2022 டிசம்பர்ல கொண்டு போன லோடை ஃபேக்டரி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. உறைஞ்சு போச்சாம். உறைஞ்சா சர்க்கரை போயிடுமா? எங்க தப்பா, அவங்க தப்பா?

பதில்: உறையும்போது இல்லம்மா, உருகும்போது தான் வினை. மைனஸ் 3 டிகிரி கிட்ட போனா கிழங்கோட மேல்பகுதி உறையும், உள்ள செல் எல்லாம் வெடிக்கும், அப்படியே உறைஞ்சபடி ஃபேக்டரிக்குப் போயிட்டா ஒண்ணும் ஆகாது. அந்த டிசம்பர்ல பத்து நாள் கிட்ட கடுங்குளிர், அப்புறம் ஒரே நாள்ல சூடு ஏறுச்சு. வெடிச்ச செல்லுல பாக்டீரியா பூந்து கோந்து மாதிரி ஒண்ணு உண்டாக்கும், டெக்ஸ்ட்ரான்னு பேரு, அது ஃபில்டரை அடைச்சு மொத்த ஃபேக்டரியையும் நிறுத்திடும். அதனால வாசல்ல நிக்கிறவருக்கு வேற வழி இல்ல. கிழங்கை வெட்டிப் பாத்தா தெரியும், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா உறைஞ்சது, பழுப்பா கையில ஒட்டினா முடிஞ்சு போச்சு. அதுல யார் தப்புன்னு சொல்ல மாட்டேன், தரையில விட்டிருந்தவங்களுக்கும் போச்சு, குவிச்சு போர்வை போடாதவங்களுக்கும் போச்சு. ஒண்ணு மட்டும், இனிமே கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உறைபனி நஷ்டஈடு, கடைசித் தேதி, லேட் டெலிவரிக்கு எவ்ளோ கூடுதல், இந்த மூணு வரியை விலைக்கு முன்னாடி படிக்கச் சொல்லுங்க.

கேள்வி: ஜெர்மனில ஹைல்ப்ரான் பக்கம் இருக்கோம். இங்க பீட்ல சர்க்கரையே ஏற மாட்டேங்குதுன்னு எல்லாரும் பேசுறாங்க. இது என்ன புது வியாதி?

பதில்: எஸ்.பி.ஆர்.ங்கறாங்க, தத்துப்பூச்சி ஒண்ணு பரப்புது, றெக்கை கண்ணாடி மாதிரி இருக்கும். கிழங்கு சுமாரா வரும், சர்க்கரை சதவீதம் மட்டும் படுத்துடும். பீட்டோட மட்டும் நிக்காம இப்ப உருளைக்கிழங்கு, வெங்காயத்துக்கும் தாவிடுச்சு. இதுல நம்ம கைல இருக்குறது ஒண்ணு: அந்தப் பூச்சியோட குஞ்சு குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள்ள கோதுமை வேரைத் தின்னுட்டு ஒக்காந்திருக்கும். பீட் எடுத்ததும் குளிர்கால கோதுமை போடறது அங்க வழக்கம், அதை நிறுத்திட்டு வசந்தத்துல மக்காச்சோளம் மாதிரி போட்டா குஞ்சுக்குச் சாப்பாடு இல்ல. ஆனா உங்க பண்ணை மட்டும் பண்ணா பிரயோஜனம் கம்மி, பக்கத்து வயல்ல இருந்து பறந்து வரும். ஊரே சேந்து பண்ணணும், ஊரைச் சேக்கறது எந்த நாட்லயும் கஷ்டம்.

கேள்வி: ஒரு வருஷம் மட்டும் விட்டுட்டு, விலை ஏறினதும் திரும்பப் போடலாமா?

பதில்: கோதுமைன்னா பண்ணலாம். இதுல அப்படி ஈஸியா வந்து போக முடியாது. ஃபேக்டரி உங்ககிட்ட வாங்கறேன்னு ஒத்துக்கிட்ட கான்ட்ராக்ட் டன் போயிட்டா விலை நல்லா இருக்குற வருஷம் எல்லாரும் வாசல்ல நிப்பாங்க, பழைய அளவு கிடைக்கும்னு உத்தரவாதம் இல்ல. டிரில்லை வித்துட்டா திரும்ப வாங்குற விலை வேற. கிழங்கு எடுக்குற கான்ட்ராக்டரும் உங்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு அடுத்த ஊர்க்காரரைப் போட்டுப்பாரு, அப்புறம் உங்களுக்கு ஜனவரி கடைசி தேதி தான். மறுபக்கம், மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தான் ஒரே வயல்ல போடணும், நூற்புழு, ரைசோமேனியாங்கற வேர் நோய் எல்லாம் மண்ணுல தங்குற சமாச்சாரம், அதனால நெலத்தைக் குறைக்கறதுக்கு எடம் எப்பவும் இருக்கு. குறைங்க, முழுசா வெளிய வராதீங்க. வெளிய வர்றதுன்னு முடிவு பண்ணா அதுக்கப்புறம் திரும்பிப் பாக்காம வாங்க.

இன்னொண்ணும் சேத்துச் சொல்லிடறேன், ஜூலைல வயல்ல தலை தூக்கிப் பூக்குற செடியைப் பிடுங்கி வெளிய போட்டுடுங்க. ஒரு செடி ஆயிரத்துக்கு மேல விதை கொட்டும், நீங்க பீட்டை விட்டு பத்து வருஷம் ஆனாலும் அது உங்களை விடாது.

கேள்வி: கிழங்கு எடுத்த வயல்ல ஆயிரக்கணக்குல வாத்து வந்து எறங்குது, பாக்க அவ்ளோ அழகு. ஆனா எங்க ஓனர் உடனே உழுதுடணும்ங்கறாரு. உழத்தான் வேணுமா?

பதில்: அது ஐஸ்லாந்து, கிரீன்லாந்துல இருந்து குளிருக்கு வர்ற வாத்து, காலு ரோஸ் கலர்ல இருக்கும். அதுங்க வர்றது வெட்டிப் போட்ட தலைப்பகுதியையும் தழையையும் திங்க. ஓனர் கிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க, தழையை உழுது மூடிட்டா அந்த ஆயிரம் வாத்தும் பக்கத்துல அவரோட கோதுமைப் பயிர்ல தான் போய் எறங்கும். வசந்தகால பார்லி போடப் போற வயல்னா அவசரம் என்ன, ஜனவரி கடைசி வரைக்கும் விட்டு வைக்கட்டும். காலைல வெளிச்சம் வர்றதுக்கு கால் மணி முன்னாடி வரப்புக்கிட்ட போய் நில்லுங்க, முதல்ல சத்தம் தான் வரும்.